என் வாயில் இல்லாத 'வ'

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், பிளாட் புஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். அங்கே வேல்ஸ் நாட்டு நடிகை ஒருவர் வசிக்கிறார். ஐம்பது வருடம் மேடையிலும் திரையிலும் நடித்தவர்.

நான் 'வேல்ஸ்' என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ஆங்கிலத்தில் இரண்டு 'வ' உண்டு. ஒன்றைப் பல் பட்டுச் சொல்ல வேண்டும், மற்றதை, 'வேல்ஸ்' என்பதில் வருவதை, உதட்டைக் குவித்து. யாழ்ப்பாணத்தில் பிறந்த என் வாயில் ஒன்றுதான் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "இன்னொரு முறை சொல்லு" என்பார். சொல்வேன். மேசையே சிரிக்கும். ஒரு வருடம் பொறுத்தேன்.

ஒரு நாள் இல்லத்துக் கூடத்தில் அவர் பழைய நாடகக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டினார். மறந்தால் வசனம் எடுத்துக் கொடுக்க, தாளோடு என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். நடுவில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அடுத்த வரி என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த முகம் வெளிறுவதை ஆசை தீரப் பார்த்தேன்.

"ஏன்க்கா எடுத்துக் குடுக்கல?" என்று மதுரைக்கார நர்ஸ் கேட்டாள்.

"வரியைத் தவறவிட்டிட்டன்" என்றேன்.

மறுநாள் காலுறை போட்டுவிடும்போது நடிகை கேட்டார்: "வரி தெரிந்துதானே பேசாமல் இருந்தாய்?"

"ஓம்." பதற்றத்தில் 'யெஸ்' வராமல் தமிழே வந்துவிட்டது.

புரிந்துகொண்டார். "என் வெல்ஷ் உச்சரிப்பைக் கேலி செய்த ஒரு நடிகைக்கு நானும் இதையேதான் செய்தேன். அவள் செத்த செய்தி வரும்வரை இனித்தது."

நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் அவர் அறைக்குள் போனதும், போர்வை ஏறி இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.