ஐயாவின் குரலை நிறுத்துவது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். பெங்களூரில் ஓட்டல் பாத்திரம், ஓசூரில் லாரி கிளீனர், நல்லம்பள்ளியில் செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு மைக் செட் கடையில் ஒதுங்கினேன். சம்பளம் கொஞ்சம்தான். படுக்க ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே இடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் போனேன். கல்லூரிப் பாடத்துக்கும் போவேன் என்று நினைத்ததில்லை.

அஞ்சல் வழியில் பட்டம் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்தது. சேலத்திலிருந்து வரவேண்டிய ஆசிரியர்கள் பாதி நாள் வருவதில்லை. அதனால் பல்கலைக்கழகம் பாடங்களைக் கேசட்டில் பதிந்து அனுப்பியது. டேப் ரெக்கார்டர், ஸ்பீக்கர், கரண்ட் போனால் பேட்டரி, இவை என் பொறுப்பு. மையத்தை நடத்தியது ஊர்க் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்த ஒரு மேடம். கேசட்டில் வந்ததோ பொருளாதாரம். அவருக்கும் அது புதிது.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் மாணவர்கள். ஒரு நர்ஸ், ஒரு ரேஷன் கடைக்காரர், வேலை முடித்துத் தாமதமாக வரும் ஒரு பஸ் கண்டக்டர், இன்னும் சிலர். கம்பைநல்லூரிலிருந்து ஓர் அக்கா வருவார். தக்காளி போடும் குடும்பம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லி வருகிறவர்.

முதல் நாள் பொத்தானை அழுத்தினேன். "வணக்கம், மாணவர்களே" என்றது குரல். எல்லாரும் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்றார்கள். குரல் உட்காரச் சொல்லவில்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"உக்காருங்க. நீங்க நிக்கறது அவருக்குத் தெரியாது" என்றார் மேடம்.

கேசட் இரண்டு பக்கமும் ஓடியது. ஒருவரும் இருமக்கூட இல்லை. முடிகிற நேரத்தில் கண்டக்டர் வந்தார்.

"என்னாங்க சொன்னாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தாங்க சொன்னாரு" என்றார் நர்ஸ்.

"நல்லான்னா?"

"தமிழ் நல்லா இருந்துச்சுங்க."

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கண்டக்டர் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயிறும் நீங்க லேட்டாவே வாங்க" என்றார்.

அதிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. யாராவது ஒருவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். கேசட் ஓடியதும் அவரைக் கூப்பிட்டு, கேட்டவர்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். வெளியே இருந்தவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் பாடம் நடந்ததாகக் கணக்கு. கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, வாரத்துக்கு வாரம் மரத்தடி ஆசாமி முழித்தார். குரல் வந்ததும் போனதும்தான் மிச்சம்.

"நடுவுல புரியலன்னா கையத் தூக்குங்க. இவரு நிறுத்துவாரு" என்று மேடம் என்னைக் காட்டினார்.

ரேஷன் கடைக்காரர் பதறினார். "பெரியவங்க பேசிட்டு இருக்கறப்ப நிறுத்தறதுங்களா, மேடம்?"

"சர்ச்சுப் பூசையில சாமியாரு பிரசங்கம் பண்றப்ப நானும் வாயத் தொறக்க மாட்டேன். இது பிரசங்கம் இல்லைங்க, பாடம்."

எனக்கும் கை வரவில்லை. எங்கள் தொழிலில் பாட்டைப் பாதியில் அறுத்தால் அபசகுனம், உதைகூட விழும். ஆனாலும் பழகினோம். முதலில் கண்ணாலேயே எனக்கு ஜாடை காட்டினார்கள், பிறகு விரல், கடைசியில் கை. சில நாள் ஒரு பக்கம் முடியவே மத்தியானம் ஆகிவிடும். ஆனால் மரத்தடியிலிருந்து வருகிறவர் இப்போது பதில் சொன்னார். தெரியாத பாடத்தை மற்றவர்கள் தெரிந்துகொள்ள வைக்கிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. கேசட் வகுப்பால் பயன் உண்டா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். பயன் இல்லை என்று அவர் சொன்னால் மையம் சேலத்துக்குப் போய்விடும்.

"சேலம்னா எங்கூட்டுல வுட மாட்டாங்க. என் படிப்பு இதோட முடிஞ்சுதுங்க" என்றார் கம்பைநல்லூர் அக்கா. தக்காளி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பேராசிரியர் வந்தார். வாசலில் நின்று "வணக்கம்" என்றார். வகுப்பே விறைத்துவிட்டது. அதே குரல்.

மேடம் எதையும் மாற்றவில்லை. கண்டக்டரை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேசட் ஓடியது. தேவை நெகிழ்ச்சி என்று ஒரு புதுப் பாடம். குரல் ஸ்பீக்கரில் பேச, குரலுக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கைகூட எழவில்லை. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. மேடமே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நெற்றியில் வேர்வை.

"நிறுத்துங்க."

கம்பைநல்லூர் அக்காவின் கை மேலே இருந்தது. அது இறங்கவில்லை. நிறுத்தினேன்.

"ஏன், கரண்ட் போச்சா?" என்றார் பேராசிரியர்.

"இல்லீங்க ஐயா. நாந்தான் நிறுத்தச் சொன்னேன். புரியலீங்க."

"தெளிவாத்தானே சொல்லியிருக்கேன்?"

"தெளிவாத்தாங்க சொன்னீங்க. வெரசா போயிட்டீங்க."

கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். இன்னொரு தடவையும் போட்டேன். "நானே சொல்றேன்" என்று பேராசிரியர் எழுந்தார். சொல்லி முடித்ததும் ரேஷன் கடைக்காரர் மெல்ல, "ஐயா, டேப்புல சொன்னதேதானுங்களே அது" என்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பேராசிரியர் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். "ஐயா, தக்காளி வெல ஏறுனா புளிய ஊத்திக் கொழம்பு வச்சிக்கறோம். எங்க தக்காளி விக்காம கெடக்குது. உப்பு வெல ஏறுனா என்னத்தங்க ஊத்தறது? வாங்கித்தான ஆவணும். இதத்தான் சொல்றீங்களா?"

"இதேதாம்மா."

கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அக்கா சொல்ல, கண்டக்டர் கேட்டுக்கொண்டு பேராசிரியரிடம் திரும்பினார். "அப்ப எங்க டிக்கெட்டு உப்புங்க ஐயா. கூட்டுனாலும் ஜனம் வந்துதான ஆவணும். டவுனுல ரிக்சா தக்காளி. கூட்டுனா நடந்து போயிருவாங்க."

பேராசிரியர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. டீ குடித்தார், பஸ் ஏறினார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. "என்ன முடிவுன்னு அவருகிட்ட கேட்டீங்களா மேடம்?" என்றேன். "நம்ம வகுப்ப அவரு பாத்தாச்சு. அதுக்கு மேல என்ன கேக்கறது?" என்றார்.

பிறகு வந்த ஞாயிறுகளில் பழைய கேசட்டுகளையே போட்டோம். மழைக்காலத்தில் ஒரு பார்சல் வந்தது. சேலத்துக்குப் போகாமல் தருமபுரி முகவரிக்கே வந்தது. உள்ளே அதே பாடங்கள், புதிதாகப் பதிந்தவை.

"வணக்கம், மாணவர்களே."

எல்லாரும் எழுந்தார்கள். "வணக்கம் ஐயா."

"உட்காருங்கள்" என்றது குரல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடம் மெதுவாக வந்தது. கொஞ்ச தூரம் போனதும் குரல் சொன்னது: "இந்த இடத்தில் டேப்பை நிறுத்துங்கள். வெளியே இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடியும் போடுங்கள்."

"அவரே சொல்லிட்டாருங்க, நிறுத்துங்க" என்றார் அக்கா.

நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கண்டக்டரைக் கூப்பிட்டேன். துண்டைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தூறலில் நனைந்தபடி எழுந்து வந்தார்.

"என்னாங்க, இன்னிக்கு அதுக்குள்ளயா?"