தொண்ணூற்றெட்டு வீதம்

நேர்முகத்தில் கேட்டார்கள், கைபேசிச் செயலி செய்திருக்கிறீர்களா என்று. ஓம், செய்திருக்கிறேன் என்றேன். யூடியூப்பில் ஒருவர் செய்ததை இரண்டு முறை முழுதாகப் பார்த்திருந்தேன். அந்த ஓம்தான் என்னைக் கல்லடியில் ஒரு மாடி அறைக்குள் ஆறு மாதம் அடைத்து வைத்தது.

கம்பஸில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஆறு மாதம் ஒரு கம்பனியில் பயிற்சி எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பக்கம், செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தாலும் பயிற்சி செல்லாது, அடுத்த வருசம் முதலிலிருந்து. பெரியகல்லாற்றில் என் அம்மாவோ நான் எஞ்சினியராகிவிட்டேன் என்று ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் அறிவித்து முடித்திருந்தார்.

எனக்குத் தந்த வேலை சின்னது. விவசாயி போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வயலின் வரம்பைச் சுற்றி நடந்தால் செயலி காணியின் அளவைச் சொல்லும். இடையில் சிக்னல் போனால் நடந்த பாதை அழியாமல் போனுக்குள் நிற்க வேண்டும். அதை நிற்க வைப்பதுதான் என் பங்கு. மூன்றாம் நாள் வைஃபையை அணைத்துப் பார்த்தேன். பாதை அழிந்தது. உடனே வைஃபையைப் போட்டேன். பாதை வந்தது. பிறகு நான் அதை அணைக்கவேயில்லை.

அந்த அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எங்கேயாவது சிக்கியிருக்கிறாயா என்று மூன்று கேள்வி. கால் வலித்தால் பேச்சு சுருங்கும் என்பதற்காகவே நிற்க வைக்கிறார்கள். என் பேச்சு எப்போதும் சுருக்கம். நாலாம் நாள், முக்கால்வாசி முடிந்தது, சிக்கல் இல்லை என்றேன். பொறுப்பாளர் அக்காவுக்கு என்னை விட நாலு வயதுதான் கூட. இவனைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அத்தோடு கதவு பூட்டியாயிற்று. முக்கால்வாசி என்று சொன்னவன் மறுநாள் அரைவாசி என்று சொல்ல முடியாது. எண்பது வீதம், தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று ஏறிக்கொண்டே போனேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒவ்வொன்றாகச் சிக்கனம் பிடித்தேன். மூன்றாவது வாரத்தில் தொண்ணூற்றெட்டில் நின்றேன். அதற்கு மேல் அதிக இடம் இல்லை.

“தொண்ணூத்தெட்டு எண்டாக் காணும்,” என்றார் அக்கா. “நாளைக்கு வெல்லாவெளிக்குப் போய் ஒரு வயல்ல வெச்சுப் பாப்பம்.”

மழை வரவேண்டுமென்று அந்த இரவு நேர்ந்துகொண்டேன். விடிந்தபோது வெயில் பளிச்சென்றிருந்தது.

வயல்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. போனை வாங்கி, முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு நடந்தார். தூரத்து மூலையில், மருத மரத்தடியில் சிக்னல் போயிற்று. சுற்றி வந்து நீட்டினார். திரையில் பூச்சியம். கொஞ்சம் கெதியாக நடந்துவிட்டீர்கள் என்றேன். அப்படித்தான் சொன்னேன், வெட்கமில்லாமல். இரண்டாம் முறை தேரின் பின்னால் போகிறவர்போல் அடி அடியாக நடந்தார். பூச்சியம். போனை உயர்த்திப் பிடியுங்கள் என்றேன். மூன்றாம் முறை தலைக்கு மேலே பிடித்தபடி போனவர் வரம்பில் வழுக்கினார். ஒரு கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போயிற்று. போன் மட்டும் வானத்தில் நின்றது. அதற்கும் பூச்சியம்.

“மனே, இது எனக்குச் சீதனமா வந்த வயல்,” என்றார் அவர். “சுத்தச் சுத்தப் பெருகுமெண்டாச் சொல்லு, பொழுதுபடுமட்டும் சுத்துறன்.”

அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“நான் என்ன பிழை உடுறன் மனே?”

அந்த வரம்பு ஓர் ஆள் நடக்கும் அகலம். முன்னால் அவர், பின்னால் அக்கா, இரு பக்கமும் சேறு.

“பிழை உங்கட இல்லம்மா. என்ட. இது சிக்னல் இல்லாட்டி வேல செய்யாது. எனக்கு முதலே தெரியும்.”

திரும்பும்போது, வேன் பட்டிருப்புப் பாலத்தில் ஏறியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். நான் பாலத்தின் கீழிருந்த வாவியைப் பார்ப்பதுபோல் இருந்தேன். வேறு பக்கம் பார்க்க வழியில்லை.

“எப்ப இருந்து தெரியும்?”

“மூண்டாம் நாள்ல இருந்து அக்கா.”

“தெரியாதது ஒரு பிரச்சினையே இல்ல. படிக்கத்தானே வந்தநீ. அந்த அம்மாவ மூண்டு தரம் நடக்க விட்டியே, அதச் சொல்லு.”



மறுநாள் பக்கத்து மேசைக்காரனிடம் போய் உதவி கேட்டேன். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. மூன்று வாரம் நான் அடைபட்டுக் கிடந்த வேலை, ஒரு காலைப்பொழுதுக்குள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தேத்தண்ணி போடப் போனேன்.

குறிப்பேட்டில் அந்த மூன்று வாரத்துக்கும் நான் ஏற்கனவே அழகாக எழுதி வைத்திருந்தேன். அக்கா வாசித்துவிட்டுப் பேனையை மூடினார். இதில் கையெழுத்து வைக்க ஏலாது, நடந்ததை எழுதிக்கொண்டு வா என்றார். நடந்ததை எழுதினால் கம்பஸில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்வது அவருக்கு எவ்வளவு லேசாக இருந்தது.

மூன்று பக்கத்திலும் எழுதினேன்: செய்யத் தெரியவில்லை. கேட்கவுமில்லை. முடிந்ததென்று சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் இன்னொரு வரி: ஓர் அம்மாவை வயலைச் சுற்றி மூன்று தரம் வீணாக நடக்க வைத்தேன். கீழே அக்காவின் கையெழுத்து.

ஆறு மாதம் முடிந்து கம்பஸில் நடந்த வாய்மொழிப் பரீட்சையில் விரிவுரையாளர் அந்தப் பக்கங்களில் நின்றுவிட்டார். மூன்றையும் வாசித்து, முதலாவதற்குத் திரும்பி, மறுபடி வாசித்தார்.  கடைசியில், அந்த அம்மாவின் வயல் எவ்வளவு வந்தது என்று கேட்டார்.

“ரெண்டு ஏக்கர், சேர். திரும்பப் போய் நானே சுத்தி நடந்தனான்.”

“அவ என்ன சொன்னவ?”

“அது தனக்கு முதலே தெரியுமாம், சேர்.”

அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, தேர்ச்சிக்குப் போதுமான புள்ளியை மட்டும் போட்டார். ஒன்றுகூட அதிகமில்லை.