என் கணவர் சாமி கும்பிட்ட வருஷம்

அவர் வேட்டியைத் துவைக்க உதறியபோது மடிப்பிலிருந்து ஏழெட்டுக் கறுப்பு எள் கல்லில் விழுந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் எள் வாங்கவே இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. காரைக்காலில் வாடகை வீடு. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லில் மோட்டாரைப் போட்டு மிஷினை ஓட்டுகிற டிரைவர். வேறொருத்தி அந்த எள்ளைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டாள். ஆனால் இவர் ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். பகுத்தறிவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் சைக்கிளில் போய் முன்வரிசையில் உட்காருகிறவர். திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தால், "ஏழரைநாட்டுச் சனி எட்டு மணி பஸ்ஸுல ஏறிப் போயிடுமாக்கும்" என்பார். வெள்ளிக்கிழமை நான் அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவரும் குங்குமத்தைக் காகிதத்தோடு வாங்கி ஜன்னலில் வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் சில மாதங்களாகச் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். கேட்டால் மில்லில் வேலை என்றார். திரும்பி வரும்போது தலை ஈரமாக இருக்கும், நல்லெண்ணெய் வாசம் அடிக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவ அம்மாள் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இறந்துபோனவரின் மனைவி. அவர்தான் ஒருநாள் கேட்டார்.

"உங்க வூட்டுக்காரரு சனிக்கிழமையானா திருநள்ளாறு பஸ்ல ஏறுறாரே, டீச்சர். வேண்டுதலா?"

"இல்லீங்களே."

"சாமி இல்லேன்ன மனுஷன் திடீர்னு கோயிலுக்குப் போனா, ஒண்ணு ஒடம்புல ஏதோ இருக்கும், இல்ல மனசுல ஏதோ இருக்கும். பாத்துக்குங்க."

பக்தி உள்ளவள் நான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக அவருடைய சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று துழாவினேன். ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு மனைவிக்கு வரக்கூடிய அடுத்த சந்தேகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் பெண்ணை அந்த அம்மாளிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன். கோயில் குளத்துப் படியில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். உள்ளே போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தவர் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வாய்க்கால் கரையோடு சுரக்குடிப் பக்கம் நடந்தார். தூரத்தில் நானும் நடந்தேன். ஒரு கூரை வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து வந்த இளம்பெண்ணிடம் பையிலிருந்த காய்கறியைக் கொடுத்தார். பிறகு சரிந்து கிடந்த வேலியை நிமிர்த்திக் கட்ட ஆரம்பித்தார்.

அவளை எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் இவர் மில்லில் பெல்ட்டில் மாட்டிச் செத்துப்போன தொழிலாளியின் மனைவி. அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். மேலே போகாமல் திரும்பி பஸ் ஏறினேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சுரக்குடிக்கு எதுக்குங்க போறீங்க?"

அவர் மறைக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"அவன் தானா சாவல."

"வேட்டி பெல்ட்டுல சிக்கிடுச்சுன்னுதானே சொன்னாங்க?"

"சிக்குனது நெசந்தான். மோட்டார் ஓடுனாத்தானே சிக்கும்."

அன்று கரண்ட் போயிருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவன் உள்ளே போய்க் கழன்ற பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கரண்ட் வந்ததும் மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். இவர் குரல் கொடுக்கவில்லை. ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவன் அஜாக்கிரதையாகப் போனான் என்று முதலாளி சொன்னார், போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. இவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மொதலாளி ஒன் மேல தப்பு இல்லேங்கறாரு. கூட வேல செய்யிறவன் தோளத் தட்டி டீ வாங்கித் தர்றான். தப்புன்னு சொல்றதுக்கு ஒரு எடம் வேணாமா? சனி தண்டிக்கிற சாமிம்பாங்க. அதான் போயி நின்னேன்."

அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். மனிதர்கள் எதற்காகக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது புரிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்த நினைப்பு மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. கோயில் வாசலில் யாரோ ஒரு ஜோசியர் அவர் ஜாதகத்தைப் பார்த்து, அந்தச் சமயம் அஷ்டமச் சனி என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பேச்சு மாறியது. "நேரம். அவனுக்கும் நேரம், எனக்கும் நேரம். நாம வெறும் கருவி" என்றார். சுவரில் சனீஸ்வரர் படம் ஏறியது. நன்றாகச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார். அந்தத் தூக்கம்தான் எனக்கு உறுத்தியது. தண்டனை கேட்டு ஒரு இடத்துக்குப் போன மனிதர், அங்கிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவரைச் சந்தேகப்படப் போய் என்னையே சந்தேகப்படும்படி ஆயிற்று. என் அப்பா சாகக் கிடந்தபோது பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று இரண்டு நாள் தாமதித்துப் போனேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அம்மன் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டேன். "விதி முடிஞ்சிடுத்தும்மா" என்றார் குருக்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நான் வாங்கி வந்ததும் இதே சரக்குத்தானோ?

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லி என்ன ஆவப்போவுது? எல்லாம் அவன் எழுதுனது."

"எவன் எழுதுனது? சனிக்கிழமை நானும் வாறேன், கெளம்புங்க."

நாங்கள் போனபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. சாமி படங்களையெல்லாம் காரியம் முடிந்த அன்றே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட்டதாக ஊரில் சொன்னார்கள்.

இவர் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். நேரம், கிரகம், அஷ்டமச் சனி, அன்றைக்குக் கரண்ட் போனது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஸ்டார்ட்டரச் சனி போட்டுச்சா, நீங்க போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாம்மா போட்டேன்."

"கொரலு குடுத்தீங்களா?"

"குடுக்கல."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. முறத்து அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

"வேட்டிய ஒழுங்காக் கட்டத் தெரியாம செத்தான்னு ஊரே பேசுது. என் மாமனாரு இன்னிவரைக்கும் செத்த மவனத்தான் வையிறாரு. எங்கிட்ட சொன்னத அவருகிட்ட வந்து சொல்லுங்க."

மாமனார் வீடு அதே தெருவில்தான். அவள் முன்னே நடந்தாள். தெருவில் நாலைந்து பேர் நிற்க, இவர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சனியின் பெயர் வரவில்லை. பெரியவர் அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே வராதீங்கண்ணே" என்றாள் அவள். காய்கறிப் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விஷயம் மறுநாளே மில்லுக்குப் போய்விட்டது. முதலாளி இவரை வேலையிலிருந்து நிறுத்தினார். நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் வேலை கிடைக்கிற வரையில் என் சம்பளத்தில் ஓடியது. சனிக்கிழமைப் பயணம் குறைந்து குறைந்து நின்றது. படத்தை அவர் கழற்றவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஏதாவது கைதவறி உடைந்தால்கூட "நேரம்" என்று சொல்வதை விட்டுவிட்டார். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். விளக்குப் போட்டதும் உடனே எழுந்து வந்துவிடுவேன். மனசு லேசாவது போல இருந்தால் பயமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒருமுறை மண்ணெண்ணெய்க்கு நிற்கும் வரிசையில் அவளைப் பார்த்தேன். காரைக்காலில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்வதாகச் சொன்னாள். மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன வருஷம் போயிட்டாருக்கா. நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல, அந்த ஆடி அமாவாசைக்கு மவனுக்கு மொத தடவையா எள்ளுந் தண்ணியும் எறச்சாரு. அதுக்கு முன்னால, அந்தக் கூறுகெட்டவனுக்கு எதுக்குன்னு இருந்தாரு."

"நீ போனியா?"

"கடக்கரைக்குப் போனேன். தள்ளித்தான் நின்னேன்."

வரிசை நகர்ந்தது. அவள் டின்னை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.