ஏழு ஓட்டில் தோற்றவர் கேட்ட ஃப்ளெக்ஸ்

ஓட்டு எண்ணும் நாளில் திருவண்ணாமலையில் இருக்கும் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குள் எல்லா வேட்பாளரும் ஜெயித்திருப்பார்கள். ஊராட்சி பிரசிடெண்ட் தேர்தல் என்றால், இரண்டு தரப்பும் முந்தின நாளே வந்து வெற்றி டிசைனுக்கு ஓகே சொல்லிவிடும். ரிசல்ட் வந்ததும் ஒரு ஃபைல் பிரிண்டுக்குப் போகும், இன்னொன்றை அழித்துவிடுவோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டையும் மாற்றி அனுப்பாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

செங்கம் ரோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் போன முறை பிரசிடெண்ட் பதவி பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நின்றவர்கள் செல்வியும் மஞ்சுளாவும். ஓட்டுக் கேட்டது அவர்களுடைய வீட்டுக்காரர்கள். செல்வியின் கணவர் குமரேசன், டிசைனில் முழு உயரத்துக்குக் கும்பிட்டபடி நிற்பார். செல்வி மூலையில் ஒரு வட்டத்துக்குள், ஓட்டர் ஐடி முகத்தோடு இருப்பார். வேட்பாளர் யார் என்று ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"அவங்கதான் பாய். ஆனா ஊர்ல என்னத்தான தெரியும்" என்றார் குமரேசன்.

மஞ்சுளா ஏழு ஓட்டில் ஜெயித்தார். குமரேசன் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். வித்தியாசம் எட்டு ஆனது. அதோடு விட்டிருக்கலாம். நேராக என் கடைக்கு வந்து, 'மக்கள் தீர்ப்பு களவாடப்பட்டது' என்று பெரிய சைஸில் ஒரு ஃப்ளெக்ஸ் கேட்டார். யார் களவாடினார்கள் என்றேன். அதை கோர்ட்டு சொல்லும் என்றார். மறுநாள் மதியம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கடை திறக்கும்போதே செல்வி வந்து நின்றார். அவர் எங்கள் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அந்த போர்டை அடிக்க வேண்டாம் என்றார்.

"தண்ணி டேங்க் மஞ்சுளா தெருவுல இருக்குது பாய். நாளைக்கும் நான்தான் கொடம் எடுத்துனு போவணும், அவரு இல்ல."

ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி, மஞ்சுளாவுக்கு வாழ்த்து, நான் தோற்றுவிட்டேன் என்று போடச் சொன்னார். தோற்றேன் என்று யாரும் போடுவதில்லை, 'வெற்றி வாய்ப்பை இழந்த' என்றுதான் போடுவோம் என்று எடுத்துச் சொன்னேன்.

"வாய்ப்பெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். தோத்துட்டேன். அப்படியே போடுங்க."

எங்களிடம் இருந்த ஃபைல்களில் அவருக்கென்று தனியாக ஒரு நல்ல படம் கிடையாது. சுவரோரம் நிற்கவைத்து என் போனிலேயே எடுத்தேன். சிரிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்த ஊர்க் காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாம் குமரேசன் கொண்டுவரும் வேலை. அவர் கோபித்துக்கொண்டால் ஒரு ஊரே போய்விடும். இருந்தாலும் வேட்பாளர் பட்டியலில் இருந்தது செல்வியின் பெயர். அவர் சொன்னதையே அடித்துக் கொடுத்தேன். சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், தண்ணி டேங்க் பக்கத்திலேயே கட்டிவிட்டார்.

மதியம் குமரேசன் வந்தார். போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் பாய், அதுல என் போட்டோ எங்க?" என்றார்.

களவாடப்பட்ட தீர்ப்பை என்ன செய்வது என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாமாம், இதிலேயே தன்னையும் சேர்த்து இன்னொன்று அடித்தால் போதுமாம். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள், போர்டில் இடமில்லாததைத்தான் தாங்க மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

குமரேசனைச் சேர்த்துக் கொடுத்தேன். மூலையில், செல்வி இருந்த பழைய வட்டத்துக்குள், ஓட்டர் ஐடி முகத்தோடு.