எடுக்காத பொட்டலம்

என் அம்மா கமலா கச்சிராயபாளையத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவள். கரும்பு லாரி கவிழ்ந்து அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி தமிழரசன் ஆறாம் வகுப்பு. அதன்பிறகு அவள் வாழ்க்கை மாட்டுக் கொட்டகைக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவிலேயே கழிந்தது. போன மாதம் அவளும் போய்விட்டாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த அரளிப் பூக்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன.

தமிழ் படு கெட்டிக்காரன். ஒன்பதாவது படிக்கும்போது என் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தைப் படுத்தபடியே புரட்டி, விடைப் பக்கத்தில் இருந்த ஒரு தப்பைக் காட்டினான். ஆனால் எதற்காகவும் எழுந்திருக்க மாட்டான். பன்னிரண்டாவது முடித்ததும் எந்தக் கல்லூரி என்று கேட்டால், "ஏதோ ஒண்ணு" என்பான்.

எதிர்வீட்டுக் காசிநாதன் மாமா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "பதினேழரை ஆயிட்ச்சில்ல, பட்டாளத்துக்கு அனுப்பு கமலா. அங்க படுத்துகினு இருந்தா தண்ணிய ஊத்திருவான். ஆறே மாசத்துல ஆளு நிமுந்துடுவான்" என்றார். நானும் அவர் பக்கம் பேசினேன்.

"பத்து மணிக்கு எழுப்புனா பதினொண்ணுக்கு எந்திரிக்கிறவன் துப்பாக்கிய வச்சிக்கினு இன்னா பண்ணுவான்? எல்லையில தூங்குவான். எதிரியே பாவப்பட்டுப் போத்தி வுட்டுட்டுப் போவான்" என்றாள் அம்மா.

தமிழ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன் சண்ட போடறீங்க? பூ கட்டிப் பாத்துடுங்க. சாமி சொல்றதுதான்."

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி; இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை மாமாவின் பேத்தி தனுஷா எடுத்தது சிவப்பு. மற்றதை மடியில் செருகிக்கொண்டு அம்மா வாய்க்காலுக்குப் போனாள். "அப்ப சரி" என்று தமிழ் செருப்பை மாட்டினான்.

கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. சேர்ந்து இரண்டாம் வருடமே நின்றுவிட்டான். இப்போது மலைமேல் கரியாலூரில் ஒரு தங்கும் விடுதியில் சாவி கொடுத்து வாங்குகிறான். பட்டாளத்தில் சேரும் வயது கடந்துவிட்டது.

பூ கட்டிப் பார்த்ததற்குப் பிறகு அம்மா அவனைத் திட்டியதே இல்லை. படிப்பை நிறுத்தியதைச் சொன்ன அன்று, "எதனா திட்டேம்மா, பயமா இருக்குது" என்று அவனே கேட்டான். அவள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் சொன்னாள். "ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான்டி."

நான் சிரித்துவிட்டேன். "இருக்கிறது ஒரு புள்ள. வுட மனசு வரல. இதுல இன்னாம்மா இருக்குது?"

"அது இல்லடி. முந்தின நாளு நாயமாத்தான் கட்டி வச்சேன். காத்தால பால் கறக்கப் போறேன், இவன் அணைக்கட்டுப் பக்கம் இருந்து ஓடியாறான். ஒடம்பெல்லாம் வேர்வ. யாரும் எழுப்புல. சத்தம் காட்டாம வூட்டுக்குள்ள போய்ப் போத்திகினு படுத்துட்டான். புள்ளைக்குப் போவணும்னு ஆச இருக்குதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. போய் வெள்ளய எடுத்துட்டு செவப்ப வச்சேன்." வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "அவங்கிட்ட நீ சொல்லிடு. என்னால முடியல" என்றாள். அவன் அப்போது வெளியே அவளுக்கு இளநீர் வாங்கிக்கொண்டிருந்தான்.

சொல்கிறேன் என்றேன். ஆனால் அவன் கொள்ளி வைத்தபோது சொல்லவில்லை. கருமாதிக்குத் தலையை மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதும் முடியவில்லை. சொன்னால் அவளை வெறுத்துவிடுவான். சொல்லாவிட்டால், சாமியே தன்னை இங்கே உட்கார வைத்துவிட்டதாக நம்பிக்கொண்டே இருப்பான். நேற்று மலைக்கு பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "நான் ஓடுனத அம்மா பாத்துச்சா?" என்றான்.

"பாத்துச்சாம்."

"அன்னிக்கு மட்டும் இல்லக்கா. ஒரு வாரமா ஓடிகினு இருந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ போ போன்ன. அம்மா வேணாம் வேணான்னுச்சு. உனக்கு இன்னாடா வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

இப்போதாவது கேட்டிருக்க வேண்டும். வாயெடுப்பதற்குள் அறை கேட்டு ஆட்கள் வந்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டு அவர்களோடு மாடிக்குப் போனான். அவன் இறங்கி வருவதற்குள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பி வந்துவிட்டேன்.