துளசித் தொட்டியில் ஒரு கறுப்பு ஒயர்

எங்கள் வீட்டுத் துளசித் தொட்டியில் ஒரு கறுப்பு ஒயர் செருகியிருக்கிறது. மறுமுனை எதிலும் சேராமல் சும்மா தொங்கும். வெள்ளிக்கிழமை தொட்டிக்கு மஞ்சள் பூசும்போது அதை ஓரமாக ஒதுக்குவேனே தவிர, பிடுங்க மனசு வராது. செருகியது என் நாத்தனார்.

அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் உட்கார்ந்து காது போய்விட்டது. புருஷன் காலமான பிறகும் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு மாடி ரூமில் தனியாக இருந்தார். குழாயில் தண்ணீர் வந்தால் திறந்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவார். டிரம் நிரம்பி வழிவது கேட்காது. தண்ணீர் படியிறங்கி, கீழே ஓனரம்மா வாசலில் போய் நிற்கும். "இன்னொரு சல இப்படி ஆச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க, அஷ்டே" என்று அந்த அம்மா கன்னடம் கலந்த தமிழில் கடைசித் தடவையாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தம்பி என்ற உரிமையில் எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணி அசையவில்லை. "என் சோறு என் அடுப்புலதான் வேகும்" என்றார்.

கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் போர்டு. லேப்டாப்பில் நாலு வரி எழுதி அதில் ஏற்றினால், நாம் சொன்ன நேரத்தில் விளக்கு எரியும். எட்டாவதோடு நின்ற எனக்குப் பயம். அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். "தண்ணி ரொம்பினா ஒரு லைட்டு எரியட்டும். காதுதானே போச்சு, கண்ணு இருக்கில்ல?" என் வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் ராக்கெட்டா விடப் போறீங்க?" என்றார். என்ன சொன்னான் என்று அண்ணி என்னைப் பார்த்தார். நான் வானத்தைக் காட்டினேன். "ஆமாண்டா, மொதல்ல உன்னத்தான் ஏத்தி விடுவோம்!" தெருவுக்கே கேட்டது.

வகுப்பில் மிஸ் சொல்வதை நான் சைகையில் அண்ணிக்குச் சொல்வேன். "கறுப்பு ஒயரை கிரவுண்டுல குடுங்க ஆன்ட்டி" என்றார் மிஸ். நான் விரலால் தரையைக் காட்டினேன். போர்டைத் தன் ரூமுக்கு எடுத்துப் போன அண்ணி, மொசைக் தரையில் செருக இடமில்லாமல் யோசித்து, அங்கே மண் என்று இருந்த ஒரே இடமான துளசித் தொட்டியில் ஒயரை நட்டுவிட்டார். விளக்கு எரியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தார். நான் முருகா முருகா என்று நின்றேன். "சாமி கேட்டுக்கும். நீ ஒயரைப் பாரு" என்றார் அண்ணி.

அடுத்த வகுப்பில் மிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, போர்டின் ஓரத்தில் GND என்று மூன்று எழுத்து போட்ட ஓட்டையைக் காட்டினார். "கிரவுண்டுன்னா இது ஆன்ட்டி. இங்கிருந்து போன கரண்ட் சுத்திட்டுத் திரும்பி வந்து சேர்ற இடம்." இதை எப்படிச் சைகையில் சொல்வது? அண்ணியின் நெஞ்சில் விரலை வைத்து, காற்றில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி அதே நெஞ்சில் கொண்டுவந்து வைத்தேன். அண்ணி அதே வட்டத்தைத் தானும் காற்றில் போட்டுப் பார்த்தார். பிறகு, "வீடா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்புறமும் லேசில் எரிந்துவிடவில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனால் லேப்டாப்பில் சிவப்பாக எழுத்து வரும். தையல் விட்ட இடம் தேடுவது போல அண்ணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடுவார். கடைசியில், தண்ணீர் வந்து தொட்டால் தெரியும்படி டிரம் விளிம்பில் இரண்டு ஒயர் இறங்கின, அடுப்புக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு ஏறியது. அடுத்து தண்ணீர் வந்த அன்று ஓனரம்மா படியடியில் இடுப்பில் கை வைத்து நின்றார். விளக்கு எரிந்தது. அண்ணி கரண்டியோடு ஓடிப்போய்க் குழாயை மூடினார். படி காய்ந்தே கிடந்தது. ஓனரம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தொட்டியில் நட்ட ஒயரை மட்டும் அண்ணி எடுக்கவிடவில்லை. "கெடக்கட்டும், அது துளசியம்மா கிரவுண்டு" என்பார். கடைசி வரை அந்த ரூமில்தான் இருந்தார், அந்த அடுப்பில்தான் சமைத்தார்.

இப்போது அந்தத் தொட்டி எங்கள் வீட்டில், அந்த விளக்கு என் அடுப்புக்கு மேலே இருக்கிறது. இன்று காலை அது எரிந்ததும் குழாயை மூடிவிட்டு, தொட்டிக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். மண் கரைந்து ஒயர் சாய்ந்தது. விரலால் அழுத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே செருகினேன்.