ஊதா விளக்கில் மினுங்கிய கோட்டு

ஜெர்மனியின் காஸல் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் எவால்ட் ப்ரூங்ஹார்டின் மேஜைப் பக்கம் வந்தால் வியாபாரிகளின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். போர்க்கால ராணுவக் கோட்டுகளில் எது அசல், எது போலி என்று சொல்ல அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. அந்தக் கோட்டுகளின் மார்பில் இருக்கும் நாஜிச் சின்னத்தைச் சட்டத்துக்குப் பயந்து காகிதம் ஒட்டி மறைத்திருப்பார்கள். அவற்றைப் போட்டிருந்தவர்கள் செய்ததை மறைக்கக் காகிதமெல்லாம் தேவைப்படவில்லை. விற்க வருகிற அத்தனை பேருடைய தாத்தாவும் சமையல்காரர்தான். அது உண்மையானால் அந்தப் படை போலந்துக்குள் கரண்டியோடுதான் நுழைந்திருக்க வேண்டும்.

எவால்ட் முதலில் உள்துணியில் ராணுவக் கிடங்கின் மை முத்திரையைத் தேடுவார். பிறகு கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஊதா விளக்கைப் பிடிப்பார். பழைய நூல் செத்ததுபோலக் கிடக்கும். புது நூல் நீலமாகப் பளிச்சிடும்.

"இது மினுங்குதே, டீட்மார்."

"எங்கம்மா சோப்புப் பவுடர் போட்டுத் துவைச்சுட்டாங்க ஐயா. பவுடர்ல இருக்கற சரக்கு அப்படித்தான் மினுங்கும்."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் அம்மாவைத்தான் இழுக்கறான். இந்த நாட்டு அம்மாக்களுக்கு வேற பொழப்பே இல்லையா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இருபது வருடமாக அதே நக்கல், அதே சிரிப்பு.

அவருடைய அம்மாவின் அலமாரியிலும் ஒரு கோட்டு தொங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் விடுப்பு முடிந்து போனபோது அப்பா விட்டுச்சென்றது. அவர் திரும்பவில்லை. எவால்டுக்கு அப்போது ஒரு வயது. அவருக்கு அப்பா என்றால் அந்தக் கோட்டுதான். அப்பா அங்கே என்ன செய்தார் என்று ஒருமுறை கேட்டதற்கு, "உருளைக்கிழங்கு உரிச்சார்" என்று சொல்லி அம்மா அலமாரியைப் பூட்டினாள். விளக்கை அந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாதென்றும் சொல்லிவிட்டாள்.

தொண்ணூற்றாறு வயதில், ஒரு மார்ச் மாதம், அம்மா இறந்தாள். கோட்டு எவால்டின் கைக்கு வந்தது. மூன்று நாள் அதை நாற்காலியில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் தொழில்புத்தி ஜெயித்தது. ஜன்னல்களை அடைத்து விளக்கைப் பிடித்தார்.

முத்திரை இல்லை. உள்துணி முழுக்க நீலமாக எரிந்தது.

ஏதோ நாடகக் கம்பெனி கழித்துப்போட்டதை மாட்டிவைத்து, அப்பனில்லாத பிள்ளையை அறுபது வருடம் ஏய்த்திருக்கிறாள்! எவால்ட் கோட்டைச் சுருட்டிக்கொண்டு போய்த் தெருமுனைப் பழந்துணிப் பெட்டியின் வாயில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இர்ம்கார்ட் ஆப்பிள் கேக்கோடு வந்தாள்.

"கோட்டு எங்கடா?"

"அது போலி. பெட்டியில போட்டுட்டேன். முத்திரை கிடையாது, துணி பூரா மினுங்குது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மினுங்காம? வருஷா வருஷம் அக்டோபர்ல, அப்பா பொறந்தநாளுக்கு, அம்மா அதைத் துவைச்சு மச்சு ரூமுக்குள்ள காயப்போடுவா. அக்கம்பக்கம் பாத்துடக் கூடாதுன்னு. முத்திரை எப்பவோ தண்ணியோட போயிருக்கும்."

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊர் பூரா நீ அடிச்ச நக்கல் அம்மா காதுக்கும் வந்துச்சு. கேட்டுச் சிரிச்சா. அந்த அக்டோபரும் துவைச்சா."

பெட்டியை வெள்ளிக்கிழமையே காலிசெய்திருந்தார்கள். துணி எடுத்துப்போகும் கம்பெனிக்கு எவால்ட் போன் போட்டார்.

"வாரத்துக்கு நாப்பது டன் வருதுங்க," என்றாள் எடுத்த பெண். "உங்க கோட்டுக்கு ஏதாவது அடையாளம் உண்டா?"

"மினுங்கும்," என்றார் எவால்ட்.

அடுத்த சந்தையில் டீட்மார் இன்னொரு கோட்டோடு வந்தான். விளக்கில் அது பளிச்சிட்டது. "எங்கம்மா துவைச்சுட்டாங்க ஐயா," என்றான், வெட்கமேயில்லாமல். நக்கலுக்காகக் கூட்டம் காத்திருந்தது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"எந்த மாசம்?"

டீட்மார் விழித்தான். வாயில் வந்ததைச் சொன்னான். "அக்டோபர்."

எவால்ட் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல், "அசல்," என்றார்.

அதற்கடுத்த சந்தையில் எல்லா வியாபாரிகளின் அம்மாக்களும் அக்டோபரில்தான் துவைத்திருந்தார்கள்.